ஊர் யாரோடு பழகியது? பழைய மனநலக் காப்பகங்களும் பக்கத்து மக்களும்

கேள்வி இது: "பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அந்தக் காலத்தில் சொன்ன இடங்களைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அவற்றை எப்படிப் பார்த்தார்கள்? பயமும் வெறுப்பும் மட்டும்தானா, வேறு உறவு ஏதாவது இருந்ததா?"

வேறு உறவு நிறையவே இருந்தது. பயம் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் பயந்த அதே ஊர்தான் காப்பகத்துக்குப் பால் ஊற்றியது, கரி இறக்கியது, தன் பிள்ளைகளை அங்கே வேலைக்கு அனுப்பியது. தன் வீட்டில் ஒருவரைச் சமாளிக்க முடியாதபோது அந்த வாசலில்தான் போய் நின்றது. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் ஒன்றைத் தேடிப் பார்ப்பேன்: ஊர் அந்தக் கட்டடத்தோடு பழகியதா, உள்ளே இருந்த ஆட்களோடு பழகியதா? மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே அடைபட்டிருந்தவருக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

எல்லோரும் முதலில் சொல்வது லண்டனின் பெத்லெம் மருத்துவமனையை. 1247ல் மடமாகத் தொடங்கி, பிறகு மனநோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடமாக மாறியது. 1676ல் மூர்ஃபீல்ட்ஸ் பகுதியில் ராபர்ட் ஹூக் வடிவமைத்த, அரண்மனை போன்ற கட்டடத்துக்கு இடம் மாறியது. பொதுமக்கள் உள்ளே போய் நோயாளிகளைப் பார்க்கலாம். விடுமுறை நாட்களில் கூட்டம் அலைமோதும். காணிக்கை போடப் பெட்டி வைத்திருந்தார்கள். அக்கறையோடு வந்தவர்களும் உண்டு, சிரிக்கவும் சீண்டவும் வந்தவர்கள் ஏராளம். 1770ல் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள்.

நல்ல முடிவு என்றுதான் யாருக்கும் தோன்றும். கதவு மூடிய பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1814ல் எட்வர்ட் வேக்ஃபீல்ட் என்ற சீர்திருத்தக்காரர் சிலரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அங்கே ஜேம்ஸ் நாரிஸ் என்ற நோயாளியைக் கழுத்திலும் உடம்பிலும் இரும்புப் பட்டை மாட்டி, ஓர் இரும்புக் கம்பத்தோடு பிணைத்து வைத்திருந்தார்கள். வருடக்கணக்காக அப்படியே. எழுந்து நிற்கலாம், மல்லாந்து படுக்கலாம், அதற்கு மேல் அசைய இடமில்லை. அந்த மனிதர் வந்தவர்களோடு தெளிவாகப் பேசினார். புத்தகமும் செய்தித்தாளும் படித்துக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்து 1815ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை நான் நியாயப்படுத்தவில்லை. கூட்டத்தை நிறுத்தியவர்கள், அதற்குப் பதிலாக உள்ளே போய்ப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆட்களை நியமிக்காமல் விட்டதுதான் தவறு.

இனி 19ஆம் நூற்றாண்டு. உங்கள் கேள்விக்கு உண்மையான தீனி இங்கேதான் இருக்கிறது. 1845ல் வந்த சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு மாவட்டமும் தன் ஏழை மனநோயாளிகளுக்குக் காப்பகம் கட்டியே ஆகவேண்டும் என்றது. கட்டினார்கள். பெரும்பாலும் ஊருக்குச் சற்றுத் தள்ளி, மேடான, காற்றோட்டமான இடத்தில், நிலபுலனோடு. மாட்டுப் பண்ணை, பன்றிப் பண்ணை, காய்கறித் தோட்டம், சலவைக்கூடம், செருப்பு தைக்கும் அறை, ரொட்டி அடுப்பு எல்லாம் உள்ளேயே. ஆண் நோயாளிகள் வயலிலும் பட்டறையிலும் வேலை செய்தார்கள். பெண்கள் துவைத்தார்கள், தைத்தார்கள். 1831ல் திறந்த ஹான்வெல் காப்பகத்தின் முதல் கண்காணிப்பாளர் வில்லியம் எல்லிஸ், வேலையே மருந்து என்று நம்பியவர். அவருக்குப் பின் 1839ல் வந்த ஜான் கானலி, கை கால்களைக் கட்டிப்போடும் வழக்கத்தையே ஒழித்தார். இருவருமே மதிப்புக்குரியவர்கள். ஆனாலும் அந்த வேலைக்குக் கூலி கிடையாது. நாள்போக்கில், எந்த நோயாளி நன்றாக வேலை செய்கிறாரோ அவரை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகத்துக்கு மனம் வராமல் போகும் ஆபத்தும் அதிலேயே இருந்தது.

ஊருக்கு இதில் என்ன பங்கு? முதலில் வரி. ஏழை நோயாளி ஒருவருக்கு ஆகும் வாரச் செலவை அவருடைய சொந்த ஊர்ப் பகுதியின் நிர்வாகம் தரவேண்டும். காப்பகத்தைவிட ஏழைகள் விடுதியில் வைத்திருப்பது மலிவு என்பதால், தொல்லை தராதவர்களைப் பல பகுதிகள் அந்த விடுதியிலேயே வைத்திருந்தன. 1874ல் மத்திய அரசு, காப்பகத்தில் இருக்கும் ஒவ்வோர் ஏழை நோயாளிக்கும் வாரத்துக்கு 4 ஷில்லிங் தருவதாக அறிவித்தது. கணக்கு தலைகீழானது. வயதானவர்கள், மறதிநோய் வந்தவர்கள், காக்காய்வலிப்பு உள்ளவர்கள் எல்லாரையும் காப்பகத்துக்கு அனுப்புவது லாபமானது. அந்தக் காலத்தில் மனநோய் பெருகிவிட்டது என்று பத்திரிகைகள் பதறின. பெருக்கத்தில் ஒரு பகுதி இந்த 4 ஷில்லிங்கின் வேலை.

அடுத்து பிழைப்பு. இறைச்சி, மாவு, நிலக்கரி, துணி வாங்கும் ஒப்பந்தங்கள் பக்கத்து வியாபாரிகளுக்குப் போயின. காவலாளி, தாதி, தோட்டக்காரர், தச்சர் வேலைகள் அப்பாவிடமிருந்து மகனுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்தன. காப்பகத்துக்கென்று கிரிக்கெட் அணி இருக்கும். அக்கம்பக்கத்து ஊர் அணிகள் அதன் மைதானத்துக்கு வந்து ஆடும். ஊழியர்களை எடுக்கும்போது பந்து வீசத் தெரியுமா, வாத்தியம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டு எடுத்த இடங்களும் உண்டு. எட்வர்ட் எல்கர், பின்னாளில் இங்கிலாந்தின் மாபெரும் இசையமைப்பாளராகப் போகிறவர், 1879ல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது வூஸ்டர் மாவட்டத்தின் பாவிக் காப்பகத்தில் இசைக்குழுத் தலைவராகச் சேர்ந்தார். வாசித்தவர்கள் ஊழியர்கள், ஆடியவர்கள் நோயாளிகள். அவர்களுடைய வாராந்திர நடனத்துக்காக அவர் எழுதிய போல்கா, குவாட்ரில் இசைத்துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. 1884 வரை அங்கே இருந்தார். சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத அந்தக் காலத்தில், வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் நல்ல உடை உடுத்தி, இன்னொருவர் கையைப் பிடித்து ஆடுவது சின்ன விஷயமில்லை.

குடும்பங்கள் காப்பகத்தைப் பயன்படுத்திய விதமும் நாம் கற்பனை செய்வதுபோல இல்லை. தள்ளிவிட்டுத் தலைமுழுகியவர்கள் உண்டு. ஆனால் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் காட்டுவது, சேர்க்கப்பட்டவர்களில் கணிசமானவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்குள் வீடு திரும்பினார்கள் என்பதை. பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கிய தாய், குடியால் நிலைகுலைந்த தொழிலாளி, மனச்சோர்வில் சாப்பிடாமல் கிடந்தவர் போன்றோர் வந்து, தேறி, போனார்கள். குடும்பம் கடிதம் எழுதியது, வந்து பார்த்தது, எப்போது அனுப்புவீர்கள் என்று நச்சரித்தது. திரும்பாமல் தங்கிப்போனவர்கள் ஆண்டுக்காண்டு சேர்ந்து கட்டடத்தை நிரப்பினார்கள். ஊர் கண்ணில் பட்டது அந்த நிரம்பிய கட்டடம்தான். தேறிப் போனவர் தான் அங்கே இருந்ததை வெளியே சொல்லவில்லை.

தப்பி ஓடியவர்கள் விஷயத்தில் ஊர் எந்தப் பக்கம் நின்றது என்பதும் இடத்துக்கு இடம் மாறியது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, தப்பியவர் 14 நாட்களுக்குள் பிடிபடாவிட்டால் புதிதாகச் சான்று வாங்காமல் திரும்ப அடைக்க முடியாது. பிடித்துக் கொடுத்தவர்களும் உண்டு. சாப்பாடு போட்டு, வழி சொல்லி அனுப்பியவர்களும் உண்டு.

இத்தனை போக்குவரத்து இருந்தும் பெயர் கெட்டது. வடலண்டனில் 1851ல் திறந்த கோல்னி ஹாட்ச் காப்பகம் மிகப் பெரியது. தாழ்வாரங்களின் நீளம் மட்டும் ஆறு மைலுக்கு மேல் என்பார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பகுதியின் பெயரே லண்டன்வாசிகள் வாயில் கேலிச்சொல் ஆகிவிட்டது. அங்கே வீடு வாங்கியவர்களுக்கு முகவரி சொல்லக் கூச்சம். முதலில் கோல்னி ஹாட்ச் பெயரில் இருந்த ரயில் நிலையம் படிப்படியாகப் பெயர் மாறி இன்று நியூ சவுத்கேட். காப்பகமும் 1937ல் ஃப்ரையர்ன் மருத்துவமனை ஆனது. 1903 ஜனவரியில் அங்கே, இட நெருக்கடிக்காகத் தற்காலிகமாகக் கட்டிய மரக் கொட்டகையில் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண் நோயாளிகள் இறந்தார்கள். இந்தத் தீயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு தீயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அயர்லாந்துக்கு வந்தால் படம் இன்னும் இருண்டது. 1838ல் வந்து 1867ல் திருத்தப்பட்ட ஒரு சட்டம், ஒருவர் ஆபத்தானவர் என்று மாஜிஸ்திரேட்டுகள் முன் சொன்னால் அடைக்க வழிசெய்தது. சாதாரண வழியில் சேர்க்க இடம் கிடைக்குமா என்ற கவலை. இந்த வழியில் போனால் காப்பகம் மறுக்க முடியாது, கொண்டுபோய்ச் சேர்ப்பது போலீஸ் பொறுப்பு. குடும்பங்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. நிலம் குறைவு, ஒரு மகனுக்கு நிலம், மற்றவர்களுக்குக் கப்பல். அண்ணன் தம்பி அமெரிக்கா போய், அம்மா அப்பா இறந்த பின், காப்பகத்தில் இருப்பவரை அழைத்துப்போக வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. வீட்டிலிருந்த அண்ணிக்கு அவர் முகமே தெரியாது. 1950களின் பிற்பகுதியில் மூன்று மில்லியனுக்கும் குறைவான மக்கள் கொண்ட அந்த நாட்டில் சுமார் 20,000 பேர் மனநோய் மருத்துவமனைகளில் இருந்தார்கள். மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று அது. பாலினஸ்லோ போன்ற சிற்றூர்களில் கடைத்தெருவே மருத்துவமனைச் சம்பளத்தை நம்பி ஓடியது. ஊரில் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் அங்கே வேலை செய்யும் ஒருவரைத் தெரியும். உள்ளே முப்பது வருடமாக இருப்பவரின் பெயர் தெரிந்தவர்களோ அந்த ஊழியர்கள் மட்டும்தான். கட்டடத்தோடு மட்டும் பழகிய ஊர் என்று நான் சொல்வது இதைத்தான். கட்டடம் நிரம்பியிருந்தால்தான் ஊருக்குப் பிழைப்பு என்று ஆகிவிட்டால், காலியாக்கச் சொல்லி ஊர் ஏன் கேட்கப்போகிறது?

இதற்கு நேரெதிரான ஊர் பெல்ஜியத்தில் இருக்கிறது. கீல். இந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது.

கதை ஒரு தொன்மத்தில் தொடங்குகிறது. டிம்ஃப்னா என்ற அயர்லாந்து இளவரசி, மனைவியை இழந்து புத்தி பேதலித்த தன் தந்தையிடமிருந்து தப்பி ஓடிவந்து, கீலில் அவர் கையாலேயே கொல்லப்பட்டாள். மனம் கலங்கியவர்களுக்கு அவள் காவல் தெய்வமானாள். அவள் பெயரில் எழுந்த தேவாலயத்துக்கு நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு மக்கள் யாத்திரை வந்தார்கள். தேவாலயத்தை ஒட்டிய நோயாளர் அறையில் ஒன்பது நாள் தங்கிச் சடங்குகள் செய்ய வேண்டும். கூட்டம் கூடி அறையில் இடம் போதாமல் போனபோது, ஊர்க்காரர்கள் வீட்டில் தங்கவைத்தார்கள். ஒன்பது நாளில் குணமாகாதவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். குடும்பங்கள் தங்கும் செலவுக்குப் பணம் கொடுத்தன. விவசாயிக்கு ஒரு கை உதவி கிடைத்தது. நூற்றாண்டுகள் இப்படியே ஓடின. பிரெஞ்சு ஆட்சியில் தேவாலயத்தின் நோயாளர் அறை மூடப்பட்ட பிறகும் வழக்கம் நிற்கவில்லை. 1803ல் பிரஸ்ஸல்ஸ் நகரமே தன் மனநோயாளிகளைக் கீலுக்கு அனுப்பியது. வின்சென்ட் வான்கோவின் தந்தைகூட 1880ல் மகனைக் கீலுக்கு அனுப்ப யோசித்தார்.

எல்லாம் அன்பால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1821ல் அங்கே போய்ப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல், ஓடிவிடாமல் இருக்க விலங்கு மாட்டப்பட்டவர்களையும் கண்டார். கூலியில்லா வேலைக்காரனாக நடத்திய வீடுகள் இருந்திருக்கும். 1852ல் அரசு பொறுப்பேற்று மருத்துவர்களையும் கண்காணிப்பையும் கொண்டுவந்த பிறகே ஒழுங்கு வந்தது. 1862ல் ஊரிலேயே சிறு மருத்துவமனை கட்டினார்கள். புதிதாக வருபவரை அங்கே சில காலம் வைத்துப் பார்த்து, பொருத்தமான வீடு தேர்ந்து அனுப்பினார்கள். நிலைமை மோசமானால் திரும்ப அங்கே வரலாம். 1938ல் கீலின் வீடுகளில் 3,700க்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் அவர்களை நோயாளிகள் என்று சொல்வதில்லை; வீட்டில் தங்கிச் சாப்பிடுபவர் என்றே சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு நோயின் பெயரையும் சொல்வதில்லை. அவரவர் குணத்தைப் பழகித் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு வீட்டில் நடந்தது பதிவாகியிருக்கிறது: தங்கியிருந்தவர் தினமும் தன் சட்டைப் பொத்தான்களைத் திருகித் திருகிப் பிய்த்துவிடுவார். வீட்டுப் பெண்மணி தினமும் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் தைப்பார். வெளியிலிருந்து வந்த ஒரு ஆய்வாளர், மீன்பிடி நரம்பால் தைத்துவிட்டால் பிய்க்கவே முடியாதே என்று யோசனை சொன்னார். அந்த அம்மாள், அதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது, அவருக்குப் பொத்தானைப் பிய்க்க வேண்டியிருக்கிறது என்றார். மறுநாளும் தைத்தார். இந்தச் செய்தியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சிகிச்சை முறைகள் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், ஒருவரை மாற்ற முயலாமல் உடன் வாழ்வது இவ்வளவு எளிமையாக எங்கும் தென்பட்டதில்லை.

இப்போது கீலில் அப்படித் தங்கியிருப்பவர்கள் மிகக் குறைவு. விவசாயம் சுருங்கியது, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பகலில் வீட்டில் ஆளில்லை. நல்ல மனம் குறைந்துவிட்டது என்று சொல்வதைவிட, அந்த மனம் வேலை செய்ய உதவிய வாழ்க்கைமுறை போய்விட்டது என்பதே சரி.

கீலைப் படிக்கும் தமிழர் யாருக்கும் ஏர்வாடி நினைவு வராமல் இருக்காது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடி தர்காவும் அதேபோல ஒரு புனித இடம், அதே நம்பிக்கை, அதே யாத்திரை. எல்லா மதத்தினரும் வருவார்கள். தங்க இடம் தேவைப்பட்டதும் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அவற்றில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியினர் சென்னையின் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

தொடக்கம் ஒன்றாக இருந்தும் முடிவு ஏன் இப்படி? கீலில் ஒரு வீட்டில் ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் இருந்தார்கள். வீட்டாரோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஏர்வாடியில் பலரை ஒரே கொட்டகையில் சேர்த்து வைத்தார்கள். கீலில் மருத்துவரும் மேற்பார்வையாளரும் வீடு வீடாக வந்தார்கள். ஏர்வாடிக்கு, தீ பிடிக்கும்வரை, அப்படி முறையாக யாரும் வரவில்லை. அந்த ஊர் மக்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தெற்கே அவ்வளவு தூரத்துக்கு வேறு என்ன மருத்துவ வசதி இருந்தது, குடும்பங்கள் வேறு எங்கே போயிருக்கும்? சமூகத்திடம் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஏர்வாடியைக் காட்டுபவர்களுக்கு, சட்டமும் மருத்துவரும் மதில்சுவரும் எல்லாம் இருந்த கோல்னி ஹாட்ச்சின் 1903 தீயை நினைவூட்டுவேன். இரண்டு இடத்திலும் இறந்தவர்கள், அவசரத்துக்குப் போட்ட கொட்டகையில், தாமாக வெளியேற வழியில்லாமல் வைக்கப்பட்டிருந்தவர்கள்.

கீழ்ப்பாக்கத்துக்கு வருகிறேன். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கானலி 1794ல் ஒரு காப்பகம் தொடங்கினார். இப்போது மேடவாக்கம் டேங்க் சாலையில் இருக்கும் வளாகம் லோகாக் தோட்டம் என்ற இடத்தில் 1871ல் திறக்கப்பட்டது, 145 நோயாளிகளோடு. 1922ல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. பக்கத்திலுள்ள கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேறு, இது வேறு. ஊரில் இன்னும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இங்கே உறவு தொடங்கிய விதமே வேறு. இங்கிலாந்தில் உள்ளூர் வரிப்பணத்தில், உள்ளூர்க் குழுவின் மேற்பார்வையில் கட்டினார்கள். நல்லதோ கெட்டதோ ஊருக்கு அதில் ஒரு கை இருந்தது. சென்னையில் அது சர்க்கார் வைத்த இடம். 1858ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி உள்ளே அனுப்பலாம். நம் மக்கள் அந்த வாசலை முதலில் பார்த்தது போலீஸ் வண்டியோடு. குடும்பம் கூட இருந்து கவனிக்கும் வழக்கம் நம் மற்ற எல்லா ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. வெளிநோயாளிப் பிரிவு வாசலில் டிபன் கேரியரோடு ஒரு கூட்டமே இருக்கும். இங்கே மட்டும் குடும்பம் வாசலோடு நிறுத்தப்பட்டது. அப்படிக் குடும்பத்தைப் பிரிந்து உள்ளே போன பிறகு பலர் திரும்பி வரவே இல்லை. கீழ்ப்பாக்கம் என்ற பெயர் சினிமா நகைச்சுவையிலும் பள்ளிக்கூடக் கிண்டலிலும் என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். கேரளத்தில் ஊளம்பாறைக்கும் குதிரவட்டத்துக்கும், வடக்கே ராஞ்சிக்கும் ஆக்ராவுக்கும், இலங்கையில் அங்கொடைக்கும் அதேதான். அந்த ஊர்களில் பிறந்த குழந்தைகள் வகுப்பில் பட்ட பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை.

1961ல் கண்காணிப்பாளராக வந்த டாக்டர் சாரதா மேனன் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண். 1978 வரை இருந்தார். அடைத்து வைக்கும் இடம் என்ற நிலையிலிருந்து சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் தரும் இடமாக அதை நகர்த்தியதில் அவர் பங்கு பெரிது. ஓய்வுக்குப் பின் 1984ல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதும், மருத்துவமனைக்கு வெளியே, குடும்பங்களோடு வேலை செய்யத்தான்.

குடும்பத்தை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியாவிலேயே இரண்டு இடங்களில் காட்டியிருந்தார்கள். அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனைத் திடலில் கூடாரம் அடித்துத் தங்கச் சொன்னார். இது நடந்தது 1950களில், உலகின் பல நாடுகளில் இந்த யோசனையே வராத காலத்தில். உறவினர்கள் சமைத்தார்கள், கவனித்தார்கள், நோயைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தேறியவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். 1957ல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும், நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்க வேண்டும் என்பதையே விதியாக வைத்தது. நம் கிராமத்துக் குடும்பங்கள் இதற்குத் தயாராகவே இருந்தன. அழைக்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரம் வேறொரு வழியில் போனது. 1971ல் சான் ஜியோவானி காப்பகத்தின் இயக்குநரான ஃபிராங்கோ பசாக்லியா, கட்டடத்தை மூடுவது என்றே வேலையில் இறங்கினார். நோயாளிகள் கூலியில்லாமல் செய்த துப்புரவு வேலைக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கூலி கொடுத்தார். அங்கே சலவை வண்டி இழுத்த மார்க்கோ என்ற கிழட்டுக் குதிரையைக் கசாப்புக்கு அனுப்பக்கூடாது என்று நோயாளிகள் மனுக்கொடுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அதன் நினைவாக 1973ல் மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள். ஊர்வலமாக நகரத்துக்குள் கொண்டுபோகப் பார்த்தால், வாயிலில் நுழையவில்லை. வாயிலை உடைத்துத்தான் குதிரையை வெளியே கொண்டுவந்தார்கள். நகரமக்கள் எல்லாரும் கைதட்டவில்லை. பயந்தவர்கள், எரிச்சலடைந்தவர்கள் நிறைய. ஆனால் காப்பக மைதானத்தை நகரத்துக்கே திறந்துவிட்டதும் சந்தேகம் மெல்லக் கரைந்தது. இன்று அங்கே ரோஜாத் தோட்டம் இருக்கிறது, பல்கலைக்கழக அலுவலகங்கள் இருக்கின்றன, கூட்டுறவுக்காரர்கள் நடத்தும் உணவகம் இருக்கிறது. 1978ல் இத்தாலி முழுவதும் காப்பகங்களை மூட வழிசெய்த சட்டம் வந்தது.

மூடிய எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. கோல்னி ஹாட்ச் 1993ல் மூடப்பட்டு, இன்று அதே கட்டடம் விலை உயர்ந்த அடுக்குமாடி வீடுகள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில், மில்லெட்ஜ்வில் என்ற ஊரில் 1960களில் 12,000 பேர்வரை இருந்த காப்பகத்தின் இடுகாட்டில் எண் மட்டும் போட்ட இரும்புக் குச்சிகளே அடையாளமாக இருந்தன. புல் வெட்ட இடைஞ்சல் என்று அவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். பிற்காலத்தில் நோயாளியாக இருந்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் அந்த இடத்தைச் சீர்செய்து நினைவிடம் ஆக்கினார்கள். ஊர் உள்ளே இருந்தவர்களைப் பற்றி விசாரித்தது, பல இடங்களில், எல்லாம் முடிந்த பிறகுதான்.

நம் ஊரில் இன்னும் முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக்கூடாது. அவர்கள் வெளியே வாழ அரசு ஏற்பாடு செய்யவேண்டும். சென்னையில் 1993ல் தொடங்கிய பேனியன் அமைப்பு, பல ஆண்டுகள் காப்பகத்தில் இருந்தவர்களில் நான்கைந்து பேரை ஒரு சாதாரண வாடகை வீட்டில், சாதாரணத் தெருவில், உதவிக்கு ஒருவரோடு குடிவைக்கிறது. கீலில் நடந்ததன் இன்றைய வடிவம் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஏற்பாட்டுக்குத் தேவைப்படுவது ஒரு வீட்டு உரிமையாளரின் சம்மதமும், எதிர்வீட்டார் ஆட்சேபிக்காமல் இருப்பதும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு வாடகைக்குக் கேட்கப்பட்டால், என்ன சொல்வீர்கள் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள்.